கன்றின் நடுவே நடந்தவர்கள்

அன்பு மகன் மிக்னேயாவுக்கு எருசலேமிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு கிடைப்பதைத் தின்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் பாபிலோனில் அந்தக் கால்வாய்க் கரையில் உன்னோடு இருக்கிற நம் ஆட்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் காலையும் மாலையும் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஊரிலிருந்து போகிற வேண்டுதலை அவர் இன்னும் காதில் வாங்குகிறாரா என்று தெரியாது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கொண்டுவந்து உன் வாசலில் நிற்கிற பெண்ணை உட்கார வை. அவள் பெயர் சிபியாள். கால் கழுவத் தண்ணீர் கொடு, வயிற்றுக்கு ஏதாவது கொடு, அதற்குப் பிறகு இதைப் படி. அவளுக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும், எழுத்தர் மகளாய்ப் பிறந்ததால் என் அப்பா நாலு எழுத்து கற்றுக்கொடுத்தார், அதை வைத்து இந்தத் தெருப் பெண்கள் நடுவில் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்திருக்கிறேன். இன்றைக்கு அந்த எழுத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறேன் என்று நினைத்தால் கையே கூசுகிறது.

நீ அவளைப் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாபிலோன்காரர்கள் கொல்லர்களையும் தச்சர்களையும் பொறுக்கியெடுத்துக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோனபோது உன் மாமன் உலைக்கூடத்தில் துருத்தி ஊதிக்கொண்டிருந்த உன்னையும் சேர்த்துக் கட்டினார்கள். அப்பாவோடு நம் ரொட்டிக் கடை அடுப்படியிலேயே நின்றிருந்தால் உன்னைத் தொட்டிருக்க மாட்டார்கள், போய் நல்ல தொழிலாகக் கற்றுக்கொள் என்று உன்னை அங்கே விரட்டியவள் நான்தான், அதைப் பற்றி உன் அப்பா ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, நானேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீ போனதற்கு அடுத்த வருஷம் மழை இல்லை. தெக்கோவாவிலிருந்து ஒரு மனிதர் வந்து உன் அப்பாவிடம் கடனாக வாற்கோதுமை வாங்கிப் போனார், திருப்பித் தர வழியில்லாமல் மறு வருஷம் மகள் சிபியாளைக் கூட்டிவந்து கடனுக்கு ஈடாக விட்டார். பதினாலு பதினைந்து வயது இருக்கும். ஆறு வருஷம் வேலை செய்ய வேண்டியது, ஏழாவது வருஷம் ஆடும் தானியமும் கொடுத்து அனுப்பிவைக்க வேண்டியது, அதுதானே நம்முடைய சட்டம், எகிப்தில் நாமே அடிமையாய்க் கிடந்தவர்கள் என்பதால் நமக்கு விதித்தது. அரைகல்லுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து விடியற்காலையிலிருந்து அரைப்பாள். முட்டி இரண்டும் ஒட்டகத்துக்குக் காய்ப்பது போலக் காய்த்துவிட்டது. ஏழாவது வருஷம் வந்தது. உன் அப்பா, "வர்ற அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்றார். அறுப்பு முடிந்தது, வேறொன்று வந்தது. நான் வாயே திறக்கவில்லை, அரைக்க ஆள் இருந்தால் வீட்டுக்காரிக்கு எவ்வளவு நிம்மதி என்பது உனக்குத் தெரியாது, நீ ஆண்பிள்ளை.

அப்புறம் குளிர்காலத்தில் பாபிலோன் படை வந்து ஊரைச் சுற்றி மண்ணை மேடாகக் கொட்ட ஆரம்பித்தது. அதையெல்லாம் எழுதினால் நீ தூங்க மாட்டாய். நம் கழுதையை மூன்றாம் மாதமே சாப்பிட்டுவிட்டோம், பின்கட்டில் இருந்த அத்திமரத்தை மதிலுக்கு முட்டுக்கொடுக்க வெட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவு போதும். வசந்தத்தில் ராஜாவே ஒரு யோசனை சொன்னார், வீட்டில் வைத்திருக்கிற நம் ஜனத்து அடிமைகளை எல்லாரும் விட்டுவிடுவோம், கர்த்தர் இரங்குவார் என்று. ஆலயத்து முற்றத்தில் ஒரு கன்றைப் பிடித்து நெட்டுக்கு இரண்டாக வெட்டி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி போட்டார்கள். நடுவில் ஒவ்வொருவராக நடந்துபோனார்கள். ராஜா வீட்டுக்காரர்கள், அதிகாரிகள், ஆசாரியர்கள், பிறகு தெருத்தெருவாக வீட்டுக்காரர்கள். இந்தச் சத்தியத்தை மீறினால் இந்தக் கன்றுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்பதுதான் அந்த நடையின் அர்த்தம், அதைத் தெரியாமல் நடந்தவன் ஒருவன் கிடையாது. உன் அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். ரத்தத்தில் பாதம் வைக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார், நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஈ மொய்த்தது, நாற்றம், இருந்தாலும் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, இத்தனை வருஷத்தில் நாம் ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவர் சிபியாளைக் கூப்பிட்டு, "போம்மா, உன் இஷ்டம்போல இரு" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். தட்டில் இருந்த மாவைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

நாலு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. தானியப் பானையெல்லாம் அடி தெரிய ஆரம்பித்த நேரம் அது. அடிமைக்கு எஜமான் சோறு போட வேண்டும், விடுதலையானவள் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் அந்த வாரம் நிறைய வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார்கள் மிக்னேயா. விடுதலையான பெண்கள் மதிலோரம் கல் சுமந்து, நம் படைவீரர்கள் கொடுக்கிற கைப்பிடிப் பருப்புக்கு வரிசையில் நின்றார்கள். கர்த்தருக்குச் செய்த சத்தியம் என்ற பேரில் பட்டினி வாய்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறோம். இதை உன் அப்பாவிடம் சொன்னபோது, "நீ எதையும் கோணலாவே பாரு" என்றார். கோணல் என் கண்ணிலா இருக்கிறது.

பிறகு நடந்ததைத்தான் எழுதவே அருவருப்பாக இருக்கிறது. கோடை தொடக்கத்தில் எகிப்துப் படை வருகிறது என்று சேதி வந்தது, பாபிலோன்காரர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அவர்களை எதிர்க்கப் போய்விட்டார்கள். ஊர் வாசல்களைத் திறந்தார்கள். ஊரே கூத்தாடியது. நம் தெருவில் பெதாயா என்று ஒருவர் இருக்கிறார், தீர்க்கதரிசி, நீ போன பிறகு முளைத்தவர், தினமும் நம் அடுப்பிலிருந்து முதல் ரொட்டியை இலவசமாக வாங்கித் தின்றுவிட்டுத்தான் அவருக்குத் தரிசனம் வரும். அவர் கூரைமேல் ஏறி நின்று எகிப்தின் குதிரைகளைப் புகழ்ந்தார், கர்த்தர் தம்முடைய வீடு இருக்கிற ஊரை எந்த ஜாதியும் தொட விடமாட்டார் என்றார், பாபிலோனின் கழுத்து ஒடிந்தது என்றார். வேலை திரும்ப ஆரம்பித்தது, அதிகாரிகள் வீட்டில் விருந்து, உன் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இருநூறு ரொட்டி கேட்டு ஆள் வந்தது. அப்போதுதான் ஒவ்வொருவனும் தன் வீட்டில் அரைக்க ஆள் இல்லை, தண்ணீர் தூக்க ஆள் இல்லை என்று கண்டுபிடித்தான். விட்டவர்களைத் தேடிப்பிடித்து இழுத்து வந்தார்கள். சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அசரியேல், "நான் நடந்தப்போ கால்ல செருப்பு போட்டிருந்தேன், செருப்போட நடந்தா அது செல்லவே செல்லாது" என்கிறான். திராட்சரசக் கடைக்காரன், "அந்தக் கன்னுக்குட்டிக்கு ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன், ஊனமான மிருகத்தை வெட்டிப் பண்ண சத்தியம் எப்படிங்க நிக்கும்?" என்று ஆசாரியரையே கேட்டான், அந்த ஆசாரியரும் தாடியைத் தடவிக்கொண்டு யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றார், அவர் வீட்டுக்கு ஏற்கெனவே மூன்று பேர் திரும்பி வந்தாயிற்று. மேல்தெருவில் ஓர் அதிகாரியின் விதவை இருக்கிறாள், அவள் எல்லாரையும் மிஞ்சினாள், "நடந்தது என் வீட்டுக்காரரு. அவரு செத்துட்டாரு. நான் எங்கடி நடந்தேன்?" என்றாள். கழுத்தில் மாலையைச் சரிசெய்துகொண்டே சொல்கிறாள். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, துப்பாமல் வந்தேன், அவள் நம் கடையில் ரொட்டி வாங்குகிறவள்.

பெதாயா இதற்கும் ஒரு தரிசனம் வைத்திருந்தார். "கர்த்தர் கேட்டாரு, நாம கொடுத்தோம். அவரும் எதிரியை ஓட்டிட்டாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இனிமே அவங்கவங்க வீட்டு விஷயம்" என்று வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே சொன்னார். மழைக்கு ஒதுங்கி, மழை விட்டதும் கூரைக்காரனை மறந்துபோகிற மாதிரி கர்த்தரை நினைத்திருக்கிறார்கள். இதை எதிர்த்து ஒரே ஓர் ஆள் பேசினார், ஆசாயா, ஊருக்கு வெளியே வெளுக்கிறவர்கள் வயலில் துணி வெளுக்கிறவர், கை இரண்டும் சாம்பலும் உவர்மண்ணும் தின்று வெடித்திருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஊர் மதிலின் மீன் வாசலில் ஜனம் கூட்டமாக நின்ற நேரத்தில் வந்து ஈரத் துணியைத் தோளிலிருந்து இறக்காமலே பேசினார். "பாபிலோன்காரன் போயிட்டான்னு குதிக்கிறீங்களே, அவனை யாரு கூட்டிட்டு வந்தது? அவனா வந்தான்னு நினைச்சீங்களா? நான் துணி அடிக்கிற கட்டை எப்படியோ அப்படித்தான் கர்த்தர் கையில அவன். அடிக்கிறவன் கட்டையைக் கீழ வெச்சு மூச்சு வாங்கினா அழுக்கு போயிடுச்சுன்னு அர்த்தமா?" என்றார். யாரோ கிண்டலாக, "அப்ப எகிப்து ராஜா யாரு, உன் வாளியா?" என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "வாளிதான். அவனுக்கே அது தெரியாது. எகிப்து, மோவாப், தீரு, நாளைக்குப் பேரு தெரியாத எந்த ஊரோ, எல்லாம் அவரு எடுத்தா வரும், வெச்சா கிடக்கும். வெளுத்து முடிச்ச அன்னைக்கு அந்தப் பாபிலோன் கட்டையையும் அடுப்புல வெப்பாரு, அது அவன் பாடு. நீங்க உங்க துணியைப் பாருங்க" என்றார். நீ யார் பக்கம்டா என்று அசரியேல் கத்தினான். "உன் வீட்டுல இப்ப முட்டி போட்டு அரைச்சுக்கிட்டு இருக்காளே, அவ பக்கம்" என்றார் ஆசாயா. அவ்வளவுதான், பிடித்து அடித்தார்கள், தாடியில் பாதியைச் சிரைத்து வாசலுக்கு வெளியே தள்ளினார்கள், இனி உள்ளே வந்தால் எதிரியின் ஒற்றன் என்று கொன்றுவிடுவோம் என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். என் கையில் ரொட்டிக் கூடை இருந்தது. அடிக்காதீர்கள் என்று சொல்ல என்னிடம் வாய் இருந்தது, சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாவு பிசையும்போது யோசித்தேன். நாம் எத்தனை தலைமுறையாகக் கர்த்தரை நம் ஊர்க் காவல்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்நியன் வந்தால் எழுந்து அடிக்க வேண்டியவர், மற்ற நேரம் தூங்க வேண்டியவர். ஜாதிகள் எல்லாம் அவர் கையில் என்று பண்டிகைக்குப் பண்டிகை பாடுகிறோம், பாடிக்கொண்டே அந்த ஜாதிகளை மட்டும்தான் அவர் தண்டிப்பார் என்று நம்புகிறோம். அவ்வளவு பெரிய படையை இருந்த இடத்திலிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவருக்கு என் பின்கட்டில் ஓர் அரைகல் ஓடுகிற சத்தம் கேட்காதா. எனக்குப் பயமாகக்கூட இல்லை, வெட்கமாக இருந்தது. பயம் வந்திருந்தால் ஒருவேளை பிறகு செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வாசல் திறந்தபோதும் சிபியாள் உடனே ஊரை விட்டுப் போகவில்லை, மதிலில் கல் விழுந்து கால்விரல் நசுங்கியிருந்தது. தெக்கோவாவில் அவள் அண்ணன் இருந்தான், கால் ஆறியதும் போய்விடலாம் என்று இருந்தாள். விட்டவர்களைப் பிடிக்க ஆரம்பித்ததும் ஆசாயாவின் மனைவி அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் துணி காயப்போடுகிற கொட்டகையில் ஒளித்து வைத்தாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ உன் அப்பாவும் இரண்டு ஆட்களும் அங்கே போய் அவளைத் தூக்கி வந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், கை அங்கே போகும்போது போகட்டும். இழுக்க வேண்டியிருக்கவில்லை, அவளே நொண்டிக்கொண்டு வந்து கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். உன் அப்பா, "எல்லாரும் கூட்டிட்டு வர்றாங்க, நான் மட்டும் என்ன தனியா?" என்று என்னிடம் சொன்னார், நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். இரண்டு மாதம் அவள் அரைத்தாள். முன்பெல்லாம் அரைக்கும்போது தெக்கோவாப் பக்கத்து ஆட்டுக்காரர் பாட்டு ஏதாவது முணுமுணுப்பாள், இந்தத் தடவை ஒரு சத்தம் இல்லை. நான் அவள் விரலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டினேன், என் பங்கு ஒலிவக்காயை அவள் தட்டில் வைத்தேன். என்னைத் தவிர இந்த ஊரில் மனுஷரே இல்லை என்கிற மாதிரி அவள் என்னைப் பார்ப்பாள்.

போன வாரம் எகிப்துப் படை திரும்பிப் போய்விட்டது. சண்டைகூடப் பெரிதாக நடக்கவில்லை என்கிறார்கள். பாபிலோன்காரர்கள் மறுபடி வருகிறார்கள், காவல் மேடையில் நிற்பவர்கள் இன்னும் நாலு நாள் ஐந்து நாள் என்கிறார்கள். இப்போது கேள். அதே அதிகாரிகள், அதே ஆசாரியர், அதே அசரியேல் நேற்று ஆலயத்து முற்றத்தில் கூடி இன்னொரு கன்று தேடினார்கள். இன்னொரு கன்று! ஊரில் கன்று ஏது, எல்லாம் வயிற்றுக்குள் போயாயிற்று. ஆட்டை வெட்டினால் ஆகுமா, ஆட்டின் நடுவில் நடந்தால் போதுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பேன் என்று அசரியேல் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. பெதாயாவை இரண்டு நாளாகக் காணோம், அவருக்கு வேறு எங்கோ தரிசனம் வந்திருக்கும். உன் அப்பா வீட்டுக்கு வந்து மாவுப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார், பிறகு பின்கட்டுக்குப் போய், "போம்மா சிபியாள், நீ விடுதலை" என்றார். அவர் முகத்தில் ஒரு வெட்கம் இல்லை, கதவைத் தாழ்போடுகிறவர் முகம்தான். அவள் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. "வழி திறந்திருந்தப்போ கட்டி வெச்சீங்க. இப்ப வழி அடைக்கப் போறாங்க, போன்னு சொல்றீங்க. எங்க போகட்டும் ஐயா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கடைக்குள் போய்விட்டார். அவள் அண்ணன் குடும்பம் படைக்குப் பயந்து மோவாப் பக்கம் ஓடிவிட்டதாக ஏற்கெனவே சேதி வந்திருந்தது.

தமஸ்குவிலிருந்து தானியம் கொண்டுவந்த தப்ரிமோன் என்ற வியாபாரி இன்று மாலைக்குள் கிளம்புகிறார், வாசல் மூடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஒட்டகங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தமஸ்கு போய், அங்கிருந்து பெரிய நதி வழியாக உங்கள் பக்கம் கம்பளி கொண்டுபோகிறவர். நான் போய்ச் சிபியாளைக் கூட்டிப்போகச் சொல்லிப் பேசினேன். வழியெல்லாம் ரொட்டி சுட ஓர் ஆள் வேண்டும் என்றார், சுமையாகக் கட்டி விற்றுவிட மாட்டீர்களே என்று கேட்டேன், தன் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்தார். அந்த அந்நியரின் சத்தியத்தை நம்பினேன் மகனே, நம் ஊர்ச் சத்தியத்தின் யோக்கியதையைப் பார்த்த பிறகு வேறு என்ன செய்ய. என் கல்யாணத் தோட்டைக் கொடுத்தேன். உன் அப்பாவிடம் கேட்கவில்லை. இப்படித்தான் அவள் உன் வாசலுக்கு வந்திருக்கிறாள். அவளை வேலைக்காரியாக வைக்காதே. உன் வீட்டில் அவள் மாவரைக்கக் கூடாது, நீ அரை, இல்லாவிட்டால் அரைத்த மாவு வாங்கு. நம் ஜனத்துப் பெண்கள் யாராவது தனியாக இருந்தால் அவர்களோடு தங்க வை. அவளுக்கு என்ன பிடிக்கிறதோ அதைச் செய்யட்டும்.

உன் போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, அங்கேயும் சில பேர் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள், இரண்டு வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவோம் என்கிறார்கள், வீடு கட்டலாமா காத்திருக்கலாமா என்று. வீடு கட்டு. நல்ல மண் பார்த்துக் கட்டு, அங்கே கல் கிடைக்காது என்கிறாய், சுட்ட செங்கல்லாக வாங்கு, காசைப் பார்க்காதே. பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொள், என் சம்மதத்துக்காகக் காத்திருக்காதே, இதுவே சம்மதம். ஊருக்கு வந்துவிடு என்று எழுத ஒன்பது வருஷம் ஆசைப்பட்டேன், இப்போது வராதே என்று எழுதுகிறேன். இந்த ஊர் நிற்காது. மண்மேடு ஏற்கெனவே பாதி உயரம் இருக்கிறது, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். கர்த்தருடைய வீடு இங்கே இருப்பதால் கர்த்தர் இங்கே மட்டும்தான் இருப்பார் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தேன், அதை மறந்துவிடு. உன்னைக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோனவர்களுக்கும் அவர்தான் எஜமான். அதற்காக அவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதே, அவர்களுக்கும் ஒரு நாள் வரும், கேள்வி கேட்கப்படும், அன்றைக்கு நீ கைதட்டாதே. நானும் இந்த ஊரில் பலர் தலைகுனிந்ததற்குக் கைதட்டியவள், அதனால் எனக்கு என்ன கிடைத்தது. குளிர் அதிகமென்றால் மார்பில் ஆட்டுரோமத் துணியைக் கட்டிக்கொள், உலை வேலை முடிந்ததும் வியர்வையோடு கால்வாயில் இறங்காதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தக் கெட்ட பழக்கம்.

இப்போது கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்னது. சிபியாள் கொட்டகையில் ஒளிந்திருந்தபோது ஒரு நாள் மத்தியானம் பின்வாசல் வழியாக என்னைப் பார்க்க வந்தாள். முந்தானையில் ஒரு பிடி கீரை பறித்துக்கொண்டு வந்திருந்தாள், எனக்காக. "ரெண்டு நாள்ல போயிடுவேன் அம்மா, ஆசாயா கொட்டகையிலதான் இருக்கேன், உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரல, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாரம் முழுக்க நான்தான் அரைத்திருந்தேன், இருநூறு ரொட்டிக்கு. மணிக்கட்டு இரண்டும் வீங்கி, கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அவள் போன கொஞ்ச நேரத்தில் உன் அப்பா வந்து என் கையைப் பார்த்துவிட்டு, "அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை மிக்னேயா. கீரையை ஆய்ந்துகொண்டே முகவாயை வெளுக்கிறவர்கள் வயல் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு மாதமும் நான் சொல்லவில்லை, சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்ல மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன், வாயைத் திறக்கவே இல்லையே என்று. அசரியேலுக்குச் செருப்பு, எனக்கு முகவாய். இந்தக் கடிதம் முழுக்க நான் துப்பியதெல்லாம் யார் முகத்தில் விழ வேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும்.

யாரோ ஒற்றன் சொல்லிக்கொடுத்துவிட்டான் என்றுதான் அவள் இன்னும் நினைக்கிறாள். சற்று முன்னால் வந்து, "இந்த வீட்டுல என்னைக் காட்டிக்கொடுக்காதவங்க நீங்க ஒருத்தர்தான் அம்மா" என்று என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள், உங்கள் பிள்ளையிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்கிறாள், எல்லாம் இதில் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நேரில் சொன்னால் கோபித்துக்கொண்டு, வியாபாரியோடு போகாமல் இங்கேயே நின்று சாவாள் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அதுவும் செருப்புதான், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம், அதுதான் உண்மை.

கர்த்தர் உன்னை அந்த மண்ணிலேயே வேர்விட வைக்கட்டும், உனக்குப் பிறக்கிற பிள்ளைகள் யாருக்கும் எஜமானாகவும் வேண்டாம், யாருக்கும் அடிமையாகவும் வேண்டாம். அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கிறார், அவர் அப்படி எழுதச் சொல்லவில்லை, ஆனாலும் அவர் மனதில் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே, நீ இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. அவளை எதிரில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படி, ஒன்றையும் விடாதே, முகவாய்ச் சங்கதியை இரண்டு தடவை படி. அம்மாவாயிற்றே என்று நீ எனக்காகப் பேச வேண்டாம். கேட்டுவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் எனக்குத் தீர்ப்பு, அது இந்த ஊர் வந்து சேராது, பரவாயில்லை, சொல்லப்பட்டால் போதும்.

சிபியாளைக் காட்டிக்கொடுத்த உன் அம்மா,
அபித்தாள்